பித்தாங்கா மேட்டுக்குப் பச்சை

கிளேயா கொடுத்தனுப்பிய மரவள்ளிக் கேக்கைப் புருஷன் ஜெனிவால்து சப்புக்கொட்டிச் சாப்பிடுவதைப் பார்த்ததுமே இவொனெத்திக்கு வயிறு எரிந்தது. தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டாவது இருந்தானா மனுஷன்?

“என்ன பதம்டி இது! தேங்காப்பால் தூக்கலா, ஓரமெல்லாம் லேசா முறுகி... உனக்கு ஏன் இப்படி வர மாட்டேங்குது?”

“உனக்குச் சர்க்கரை இருக்கா இல்லையா? அவளும் நானும் ஒரே வேலைதானே பார்க்கிறோம். சர்க்கரைக்காரனுக்குக் கேக் குடுக்கக் கூடாதுன்னு தெரியாதா அவளுக்கு?”

“சர்க்கரையே போடலியாம். எனக்குன்னு தனியாச் செஞ்சாளாம். சொல்லித்தான் குடுத்தா.”

இவொனெத்தி தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கழுவினாள். தட்டில் இன்னும் ஒரு துண்டு இருந்தது. அதையும் சேர்த்தே கழுவினாள்.

இருவரும் ஒரே சுகாதார நிலையத்தின் பணியாளர்கள். நீல மேல்சட்டை, தோளில் பை, வீடு வீடாகப் போய் மாத்திரை சாப்பிட்டாயா, பிள்ளைக்கு ஊசி போட்டாயா என்று விசாரிக்கிற உத்தியோகம். பித்தாங்கா மேடு இவொனெத்திக்கு. மேட்டுக்கு அந்தப் பக்கம் கீழே கிடக்கிற ஜியா ஓடை கிளேயாவுக்கு. ரெசிஃபி நகரத்தில் மழைக்காலம் வந்தால் மேடு சரியும், ஓடை பொங்கும். இரண்டு பேருக்கும் பாடு ஒன்றுதான். ஆனால் பேர் மட்டும் எப்போதும் கிளேயாவுக்கே போய்ச் சேரும். தலைமைச் செவிலியர் தொரலிசி மேடம் சிரித்துப் பேசுவது அவளோடுதான். யோவான் திருவிழாவுக்குச் சோளக்கூழ் காய்ச்சினால் ஓடைக்காரர்கள் சட்டி சட்டியாகக் கொண்டுவந்து கொடுப்பது அவளுக்குத்தான். அவள் அப்படி என்ன பெரிசாகக் கிழித்துவிட்டாள் என்று இவொனெத்திக்கு இந்தப் பத்து வருஷமாகப் புரியவில்லை.

இப்போது ஊரில் பேச்செல்லாம் புது நிலையத்தைப் பற்றித்தான். பெரிய ரோட்டோரம் இருக்கிற நிலையத்துக்கு ஒரு கிளை வரப்போகிறது. ஓர் அறை, ஒரு செவிலியர், ஊசி போட, கட்டு மாற்ற. ஒன்றே ஒன்றுதான். மேட்டுக்கு வந்தால் ஓடைக்கு இல்லை, ஓடைக்கு வந்தால் மேட்டுக்கு இல்லை.

அது மேட்டுக்கு வந்தே ஆகவேண்டும். ஏனென்றால் ஜெனிவால்துவின் இடது பாதத்தில் ஒரு புண். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவனை வீட்டில் உட்கார வைத்த புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். அதற்கு மேட்டுப் படிக்கட்டு முழுக்க இறங்கிப் போக வேண்டும், திரும்ப ஏற வேண்டும். கட்டு மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேருவதற்குள் புதுக் கட்டு ரத்தம் கசிந்து நனைந்திருக்கும். “இவர் படி ஏறி இறங்குறது நிக்கணும். இல்லேன்னா பாதத்தை எடுக்க வேண்டி வரும்” என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அன்றிரவு இவொனெத்தி தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். ஜெனிவால்துவோ, “எடுத்தா எடுக்கட்டும், ஒத்தைச் செருப்பு மிச்சம்” என்று சிரித்தான். அவன் சிரிப்பை நம்புகிற அளவுக்கு அவள் முட்டாள் இல்லை.

கிளை எங்கே என்பதை ஒரு வரைபடம் பார்த்து முடிவு செய்வார்களாம். அதற்காக மாநகராட்சியிலிருந்து தார்சீசியு என்கிற இளைஞன் வந்தான். நல்ல பிள்ளை. பணியாளர்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினான். யார் வீட்டிலிருந்து யாரால் எவ்வளவு பாடுபட்டு நிலையத்துக்கு வர முடிகிறது என்பதைப் படத்தில் காட்ட வேண்டும் என்றான். உங்கள் பகுதியில் நடக்கவே கஷ்டப்படுகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவர் நடக்கிற நடையிலேயே கூட வாருங்கள் என்றான். இதை இரண்டு தடவை சொன்னான்.

இரண்டு தடவையும் இவொனெத்தியின் காதில் அது ஏறவில்லை. அவள் கண் கிளேயாவின் தலைமுடிமேல் இருந்தது. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு, செம்பட்டைச் சாயம் வேறு. தொரலிசி மேடம் குனிந்து, “பத்து வயசு குறைஞ்சிட்டே போ” என்கிறாள். இவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். ஓடையில் தண்ணீர் பொங்கி வீட்டுக்குள் வருகிற மாசத்தில் இவளுக்குச் சாயம் கேட்கிறதோ? இவொனெத்தி தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போன கோடையிலிருந்து அதே ரப்பர் வளையம்தான்.

“...சீக்கிரம் வந்து சேர முடிஞ்ச இடம் பச்சை. நேரமாகிற இடம் மஞ்சள். ரொம்ப நேரமானா சிவப்பு” என்று தார்சீசியு முடித்தபோதுதான் அவளுக்கு உணர்வு வந்தது. “ஏதாவது சந்தேகம் இருக்கா அக்கா?” என்று அவளைப் பார்த்தே கேட்டான்.

“எல்லாம் புரிஞ்சுது தம்பி” என்றாள்.

பச்சை, மஞ்சள், சிவப்பு. இதில் புரிய என்ன இருக்கிறது? நிலையத்துச் சுவரில் அந்தப் பலகை தொங்குகிறதே, வருஷக்கணக்காக. மாசக் கடைசியில் தொரலிசி மேடம் ஒவ்வொருவர் பேருக்கு நேராகவும் ஒரு வட்டம் ஒட்டுவாள். போக வேண்டிய வீடுகளுக்கெல்லாம் போய்வந்தவளுக்குப் பச்சை. பின்தங்கியவளுக்குச் சிவப்பு. சிவப்பு வாங்கினவள் அந்த மாசம் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு காபி குடிப்பாள். புதுப் பை வந்தாலும், எடை பார்க்கிற புது இயந்திரம் வந்தாலும் முதலில் பச்சைக்காரிக்குத்தான். அப்படியானால் புது நிலையம் மட்டும் யாருக்குப் போகுமாம்? இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு வேண்டுமா?

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. இவொனெத்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மகனின் ஓட்டக் காலணியை மாட்டிக்கொண்டாள். ஜெனிவால்து கட்டிலில் உட்கார்ந்து பார்த்தான்.

“எங்க, ஒலிம்பிக்குக்கா?”

“உனக்கு வாசல்லயே நிலையம் கொண்டு வரப் போறேன். பேசாம இரு.”

“நான் வேணா கூட வரவா? எனக்கும் இன்னிக்குக் கட்டு மாத்தணும்.”

“நீ வந்தா விளங்கும்! பொழுது சாஞ்சிரும். பின்னாடி மெதுவா வா.”

வழியையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிற செயலியைப் போனில் தட்டிவிட்டுப் புறப்பட்டாள். அடடா, என்ன வேகம்! சரிவுகளைப் போர்த்தியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் விரிப்புகள் காற்றில் படபடக்க, படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். “இவொனெத்தி, எனக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு” என்று ஒருத்தி ஜன்னலில் கத்தினாள். “அப்புறம், அப்புறம்!” வளைவில் ஒரு நாய் பயந்து ஒதுங்கியது. கீழே வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. மேலே ஏறினாள், மேட்டின் அடுத்த மூலையிலிருந்து இறங்கினாள். அதற்கடுத்த மூலை. பதினெட்டு வருஷமாக அந்தப் படிகளில் கிடக்கிற கால்களாயிற்றே, சும்மாவா?

கடைசியாக இறங்கி வரும்போது, ஓடைப் பாதை ரோட்டில் வந்து சேருகிற முக்கில் கிளேயாவைப் பார்த்தாள். கிளேயா நடக்கக்கூட இல்லை. யார் வீட்டு வாசலிலோ உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்! பக்கத்தில் ஓடையிலிருந்து வந்த கிழவி தோனா நசரே. சுரைக்காய் போல வீங்கிய இரண்டு கால்களையும் நீட்டிப் போட்டிருந்தாள்.

“என்ன கிளேயா, ஊர்வலமா? மாதாவைப் பல்லக்குல தூக்கிட்டு வர்றியா?”

“அவங்களுக்கு மூச்சு வாங்குது. நீ போ இவொனெத்தி” என்றாள் கிளேயா.

“போறேன் போறேன். எங்க மேட்டுக்காரங்களுக்கு நிக்க நேரமில்ல!”

“இந்தப் பொண்ணு பின்னாடி யாரு தீ வெச்சா?” என்று தோனா நசரே கேட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது. கேட்கட்டும். வயிற்றெரிச்சல் பிடித்த கிழம். இவொனெத்தி நிலையத்து வாசலை எட்டும்வரை சிரித்துக்கொண்டே ஓடினாள். இத்தனை வருஷத்தில் கிளேயாவை அவள் முந்தியது அன்றைக்குத்தான்.

இரண்டு வாரம் கழித்து வரைபடம் சுவரில் ஏறியது. கதவு அகலத்துக்குப் பெரிய தாள். நடுவில் நிலையம் ஒரு நீலப் புள்ளி. பித்தாங்கா மேடு அடி முதல் உச்சி வரை பச்சை. பசும்புல் மாதிரி பளீரென்ற பச்சை. ஜியா ஓடை? முழுக்கச் சிவப்பு. மஞ்சள்கூடக் கிடையாது.

இவொனெத்திக்குத் தலைகால் புரியவில்லை. படத்துக்கு முன்னால் நின்றாள், போனாள், திரும்ப வந்து நின்றாள். மருந்து வாங்க வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து, “இது நம்ம மேடு” என்று காட்டினாள். கிளேயா காபி எடுக்க வந்தபோது, வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள்.

“சில பேருக்குத் தலைக்குச் சாயம் போடவே நேரம் பத்தல. அப்புறம் ஏரியா சிவக்காம என்ன செய்யும்?”

கிளேயா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமில்லை, புரியாத பார்வை. எதையோ கேட்க வாயெடுத்தவள், பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆஹா, வாயடைத்துப் போச்சு பார் என்று இவொனெத்தி உள்ளுக்குள் குதித்தாள்.

வீட்டுக்குப் போகும்போது, காலியாகக் கிடக்கிற பழைய தையற்கடையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வீட்டிலிருந்து நாலு எட்டு. படியே கிடையாது. இங்கேதான் வரும். கட்டில் இந்தப் பக்கம், மருந்து அலமாரி அந்தப் பக்கம். ஜெனிவால்து குச்சியை ஊன்றிக்கொண்டு செருப்புக் காலோடு வருவான், கட்டு மாற்றிக்கொண்டு அப்படியே திரும்புவான். ஊரெல்லாம் இவொனெத்தி கொண்டுவந்த நிலையம் என்று சொல்லும்.

“வந்துருச்சுய்யா!” என்றாள் வாசலிலிருந்தே. “மேடு முழுக்கப் பச்சை!”

“பச்சையா?” என்றான் ஜெனிவால்து. “அப்படின்னா?”

“அப்படின்னா நான் ஜெயிச்சேன்னு அர்த்தம்.”

அவளுடைய சந்தோஷத்தைப் பார்த்து அவனும் சிரித்தான். அன்று அவனுக்கு இரண்டு முட்டை வைத்துச் சோளமாவுக் குஸ்குஸ் செய்து கொடுத்தாள். கேக்கைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் தொரலிசி மேடம் எழுந்து, “மாநகராட்சியில கையெழுத்தாயிருச்சு. கிளை நிலையம் ஜியா ஓடைக்கு” என்றாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். இவொனெத்தியும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டாள். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றாள்.

“ஓடைக்கா? சிவப்புக்கா? அப்போ பச்சை எடுத்தவ என்ன கேணச்சியா?”

“அக்கா, சிவப்புன்னாதான் நிலையம் எட்டாத இடம்” என்றான் தார்சீசியு. “எட்டாத இடத்துக்குத்தானே புதுசு வேணும். முதல் நாளே சொன்னேனே.”

முதல் நாள். கழுத்தளவு முடி. வாய் பொத்தின சிரிப்பு. ஆனால் அந்த நேரத்திலும் அவளுக்கு முதலில் வந்தது வெட்கமில்லை. விரல் தானாகக் கிளேயாவை நோக்கி நீண்டது.

“இவ ஏமாத்திட்டா! வேணும்னே மெதுவா நடந்தா! காபி குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, என் ரெண்டு கண்ணால பார்த்தேன்! மேட்டுல ஒருத்தன் காலு அழுகிக்கிட்டு இருக்கு, இவ ஊரை ஏமாத்தி வாங்கிட்டுப் போறா!”

“இவொனெத்தி, உக்காரு” என்றாள் தொரலிசி மேடம்.

“உக்கார மாட்டேன்!”

கிளேயா எழுந்தாள். அவளும் கத்துவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இவொனெத்தி அதற்காகத்தான் காத்திருந்தாள், கத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

“நான் தோனா நசரேயோட நடந்தேன்” என்றாள் கிளேயா. “அவங்க உக்காந்த இடத்துல உக்காந்தேன். அப்படித்தானே நடக்கச் சொன்னாங்க. நீ யாரோட நடந்தே?”

இவொனெத்தி வாயைத் திறந்தாள். பொய் சொல்லலாம் என்று பார்த்தாள், ஒரு பேர்கூட வாயில் வரவில்லை.

“உன்னோடதான்” என்றாள். “வேற யாரோட? உன்னை முந்தணும்னு ஓடினேன்.”

கிளேயாவின் முகம் மாறியது. “நீ ஜெனிவால்துவைக் கூட்டிட்டு வருவேன்னு நினைச்சேனே... அந்தாளு இறங்கி வந்தா மேடு கண்டிப்பா சிவப்பு. நமக்கு வராது, ஆசைப்படாதீங்கன்னு ஓடையில எல்லார்கிட்டயும் சொல்லியே வெச்சிருந்தேன்.”

“அவர் எப்படி இறங்குவார்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“கட்டு மாத்திட்டுத் தனியாத்தான் ஏறுவார். பாதிப் படியில இருக்கிற பலாமரம் வரைக்கும் நான் கூடப் போவேன். உனக்கு அந்த நேரத்துல வீடுகளுக்குப் போற வேலை இருக்கும்ல.”

“எந்தெந்த நாள்?” என்றாள் இவொனெத்தி. கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

இன்னொரு தடவை நடந்து காட்டுகிறேன், இன்றைக்கே, இப்போதே என்று கெஞ்சினாள். கிளேயாகூட, “பாருங்க மேடம், ஏதாவது வழி இருக்கான்னு” என்றாள். அது அதைவிட எரிந்தது. ஆனால் காகிதம் போய்விட்டது. அடுத்த கிளை எப்போது வரும் என்று தொரலிசி மேடத்துக்கும் தெரியாது, தார்சீசியுவுக்கும் தெரியாது.

வீட்டில் ஜெனிவால்து வாசலில் உட்கார்ந்திருந்தான். தையற்கடைக்காரனிடம் பேசியாகிவிட்டது, சாவி தரச் சம்மதித்துவிட்டான் என்று ஆரம்பித்தான். இவொனெத்தி அவனை முடிக்கவிடவில்லை.

“வராது. ஓடைக்குப் போயிருச்சு. உன்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா நமக்கு வந்திருக்கும். நான்தான் கெடுத்தேன்.”

எல்லாவற்றையும் சொன்னாள். செம்பட்டை முடியிலிருந்து கூட்டத்தில் கத்தினது வரை. அவன் கிண்டல் செய்வான், திட்டுவான் என்று பார்த்தாள். அவன் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவகிட்ட அப்படி என்ன இருக்குன்னு உனக்கு இவ்வளவு பொறாமை?” என்றான் கடைசியில்.

“அவ பேரைச் சொல்றப்ப நீ சிரிக்கிறே. என் பேரைச் சொல்றப்ப சிரிக்க மாட்டே.”



மறுநாள் கட்டு மாற்றுகிற நாள். இவொனெத்தி வேலைக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவனோடு கிளம்பினாள். அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பை இறுக்கிப் பிடித்தாள். முதல் வளைவுக்குள்ளேயே அவன் நெற்றி வியர்த்துவிட்டது. நல்ல காலை முதலில் வைத்து, புண்காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, நின்று, மறுபடியும். அவள் எட்டு வைத்தால் அவன் இழுபட்டான். அவள் நின்றால் அவன் இடித்துக்கொண்டான். இரண்டாவது வளைவில் கட்டின் ஓரத்தில் சிவப்பு கசிந்திருந்தது. அன்றைக்கு ஓடி இந்த இடத்தைத் தாண்டும்போது தன் கால் ஒரு தடவைகூடத் தரையில் பட்டதாக அவளுக்கு நினைவில்லை.

ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. கேட்டேவிட்டாள்.

“அவ எப்படிப் பிடிப்பா உன்னை? இந்தத் தோளையா, அந்தத் தோளையா?”

“யாரு, கிளேயாவா? அவ பிடிக்கவே மாட்டா.” ஜெனிவால்து மூச்சு வாங்கினான். “நான் உக்காருவேன். அவளும் பக்கத்துல உக்காருவா. நான் எந்திரிக்கிற வரைக்கும் எதாச்சும் பேசிக்கிட்டு இருப்பா. அவ்வளவுதான்.”

அவன் கையை அவள் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு, ஈரப் படியில் மெல்ல உட்கார்ந்தான். இவொனெத்தி கொஞ்ச நேரம் நின்றபடியே இருந்தாள். கீழே ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. எட்டு மணி வீடு, ஒன்பது மணி வீடு என்று அவள் போகவேண்டிய வீடுகள் எல்லாம் மனதில் வந்து நின்றன.

பிறகு அவளும் உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.